கை பொறுக்கும் சூடு

மாம்போங் ஊரில், ஆள் ஏற்றிப்போகும் லாரிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ஆளிடமிருந்து வியர்வை நாற்றம் வீசினால் யாரும் அந்த ஆளைக் குறை சொல்லமாட்டார்கள். "இவனைக் குளிப்பாட்டினவ யாரு?" என்றுதான் கேட்பார்கள். பிறந்த மூன்று மாதத்துக்குள் அக்குளையும் கழுத்து மடிப்பையும் அழுத்தித் தேய்த்துக் குளிப்பாட்டாத பிள்ளை ஆயுசுக்கும் நாறும் என்பதில் அந்த ஊரில் இரண்டு கருத்து கிடையாது. ஆகவே ஐம்பது வயது ஆள் நாறினாலும் மானம் போவது, அவனைக் கைக்குழந்தையாகக் காலில் போட்டுத் தேய்த்தவளுக்குத்தான். அவள் செத்து மண்ணாகிப் போயிருந்தாலும் விடமாட்டார்கள்.

பொக்குவா தேய்த்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் இருபத்தாறு வருஷமாக அந்த ஊரில் குழந்தைகளைக் குளிப்பாட்டி வந்தாள். கொக்கோ தோட்டத்தில் பிறந்து, மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவனுக்கு வாழ்க்கைப்பட்டு மாம்போங்குக்கு வந்தவள். உருண்டு வந்த மரம் ஒன்று புருஷனைக் கொண்டுபோனபோது அவளுக்கு இருபத்தைந்து வயது, இடுப்பில் இரண்டு பையன்கள். அந்த வருஷம் பக்கத்து அறைக்காரிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து, குளிப்பாட்ட ஆள் கிடைக்காமல் தவித்தபோது இவள் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள். அன்றைக்கு நீட்டிய காலை இன்னும் மடக்கவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பையன்கள் வளர்ந்து குமாசிக்குப் போய்விட்டார்கள். ஊர் அவளை மாமே, அதாவது அம்மா, என்று கூப்பிட்டது.

அவளுடைய பெருமையெல்லாம் அந்தக் கையில்தான் இருந்தது. அடுப்பிலிருந்து கொதிக்கும் பானையைத் துணியில்லாமல் இறக்குவாள். குழந்தையின் தண்ணீரில் நான்கு விரலையும் முக்கி ஏழு வரை எண்ணுவாள். கை பொறுத்தால் தண்ணீர் சரி. பிறகு சபோவைக் கையில் எடுப்பாள். காட்டுக்கொடியை அடித்துப் பிரித்துச் செய்த நார்ப் பந்து அது. அதில் கறுப்புச் சோப்பை நுரைக்க நுரைக்கப் பூசிக்கொண்டு, குழந்தை கத்தக் கத்தத் தேய்ப்பாள். அக்குளில் எலுமிச்சை பிழிவாள். கடைசியில் கற்பூரம் போட்டு உருக்கிய ஷியாக்கொட்டை வெண்ணெயைத் தடவி, பவுடர் கொட்டி, மினுமினுக்கும் உருப்படியைத் தாய் கையில் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டும். அப்படி ஒரு திருப்தி.

மான்சாவின் வீட்டுக்கு அவள் போகத் தொடங்கியது செப்டம்பரில். மான்சாவின் சின்ன மகள் அடோமா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. செவ்வாய்க்கிழமை பிறந்ததால் ஊர் வழக்கப்படி பெயர் அபெனா. மூத்த மகள் செர்வாவும் அந்த வீட்டில்தான் இருந்தாள். முப்பத்தைந்து வயது. மூன்று முறை கருக் கலைந்தபின் புருஷன் அவளுடைய பெட்டியை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தான். சாலையோரத்தில் வாழைக்காய் சுட்டு விற்பாள். விற்கும்போதும் அபெனா அவள் முதுகில்தான் கட்டப்பட்டிருப்பாள். குழந்தைக்குத் தொட்டில் என்று ஒன்று இருந்ததென்றால் அது பெரியம்மாவின் முதுகுதான். அங்கே கிடந்தால் அழாது. தாயிடம் பால் குடித்த கையோடு அந்த முதுகைத் தேடும்.

நவம்பர் கடைசியில் வடக்கேயிருந்து வறட்டுத் தூசிக் காற்று இறங்கியது. ஊர் முழுக்க உதடு வெடித்தது. அபெனாவின் கன்னங்களில் முதலில் சொரசொரப்பாக ஏதோ தட்டுப்பட்டது. பிறகு முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சிவந்து, தடித்து, நீர் கசிந்தது. நம்மிடையே கரப்பான் என்போமே, அதுதான். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் துணியில் தேய்த்துக்கொண்டே இருந்தது. தூக்கம் போயிற்று.

பொக்குவாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அழுக்கு உள்ளே தங்கியிருக்கிறது, அதை வெளியே கொண்டுவரவேண்டும். தண்ணீரை இன்னும் கொஞ்சம் சூடாக்கினாள். சபோவை அந்த இடத்தில் இரண்டு சுற்றுக் கூடுதலாகத் தேய்த்தாள். எலுமிச்சையையும் விடவில்லை. அபெனா கத்திய கத்தலில் அடோமா முற்றத்தை விட்டு எழுந்து போய்விடுவாள்.

"மூணு மாசம் ஆச்சு, இனிமே நானே ஊத்திக்கறேன் மாமே," என்று ஒருநாள் அடோமா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இது போறவரைக்கும் நான் கையை எடுக்கமாட்டேன். இந்தத் தோலோட உம் பொண்ணை வெளியே விட்டா, குளிப்பாட்டினது யாருன்னு கேக்கமாட்டாங்களா?"



டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு காலை, கன்னத்துப் புண்ணிலிருந்து மஞ்சளாக நீர் வடிவதைப் பார்த்த பொக்குவாவுக்குத் திக்கென்றது. அவளுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். குழந்தையைக் காலில் புரட்டிப் போட்டபடி உரக்கக் கேட்டாள்.

"யாரு இந்தப் புள்ளையைத் தூக்கினது?"

குளிப்பாட்டுகிறவர்கள் எல்லாரும் கேட்கிற வாடிக்கைக் கேள்விதான் அது. பழி தன் கைமேல் வந்து விழுவதற்கு முன் எடுத்து எறிந்துவிடுகிற கேள்வி. அவள் யாரையும் மனதில் வைத்துக் கேட்கவில்லை. ஆனால் மான்சா அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

"யாரு தூக்கினா? எல்லாருந்தான் தூக்கினோம். நாள் முழுக்க முதுகுல கட்டிக்கிட்டுத் திரியறது செர்வாதான்…" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

அந்த நிறுத்தத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. பிள்ளையில்லாதவளின் ஏக்கம் பச்சைக் குழந்தைமேல் நோயாக இறங்கும் என்பது அங்கே ஊரறிந்த சங்கதி. அஸ்ராம் என்று அதற்குப் பெயர். அதிலும் ஒரு தாய்வயிற்று உறவுக்குள்தான் அந்த விஷம் பாயும், அடுத்த வீட்டுக்காரியால் முடியாது. சொந்த அக்கா, மூன்று கருவைப் பறிகொடுத்தவள், இரவும் பகலும் குழந்தையை ஒட்டிக்கொண்டே இருப்பவள். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? வாழைக்காய்த் தட்டோடு வாசலில் நின்றிருந்த செர்வா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பொக்குவாவின் முகத்தைப் பார்த்தாள்.

நான் அவளைச் சொல்லவில்லை என்று பொக்குவா அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. சொல்லவில்லை. சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மான்சா மூத்த மகளை டெச்சிமானுக்குக் கூட்டிப்போனாள். அங்கே தாய்மாமன் வீட்டில் அவளை விட்டுவிட்டு, அதே ஊரில் நடந்த ஒரு சாவுச் சடங்கிலும் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. பெற்ற தாய் பெற்ற மகளை இப்படிச் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மான்சா அன்று லாரி ஏறும்போது செர்வாவின் பெட்டியை யாரிடமும் கொடுக்காமல் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு, பேசாமல் அழுதுகொண்டே போனாள். பேத்தியைக் காப்பாற்ற மகளைக் கொடுப்பதாகத்தான் அவள் நினைத்தாள்.

அன்று சாயங்காலமே பொக்குவாவின் கை வெந்தது. சூப்புக்காக வேகவைத்த எண்ணெய்ப் பனம்பழத்தை இறக்கும்போது பானை சாய்ந்து, சிவந்த எண்ணெயும் வெந்நீரும் வலது கை முழுக்கக் கொட்டிவிட்டது. எத்தனையோ பானைகளைத் துணியில்லாமல் இறக்கிய கை, தோலுரிந்து கொப்புளமாக நின்றது. பன்னிரண்டு நாள் கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தாள். அடோமா இரண்டு முறை சூப் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குழந்தையை யாரு குளிப்பாட்டறா?"

"நாந்தான் மாமே, எனக்குத் தெரிஞ்ச மாதிரி."

"அழுத்தித் தேய்க்கிறியா?"

"ம்," என்றாள் அடோமா, சூப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டு.

சடங்கெல்லாம் முடிந்து மான்சா ஊர் திரும்பினபோது அபெனாவின் கன்னம் ஆறியிருந்தது. மடிப்புகளில் வெறும் தடம்தான் மிச்சம். மான்சா குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டிக் காட்டிப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயடிக்குப் போய் எல்லாரிடமும் சொன்னாள்: "அவ போனா, அதுவும் போச்சு." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லையாம். பொக்குவாவுக்கு இதெல்லாம் செய்தியாகத்தான் வந்தது. அவள் நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். தன் கைமேல் ஒன்றும் இல்லை.

கட்டு இன்னும் முழுதாக அவிழ்க்காத நிலையில் மான்சா வந்து கூப்பிட்டாள். "குழந்தை தேறிட்டா. இனிமே நீ வந்து நாலு நாள் நல்லாத் தேச்சுவிட்டா பளபளன்னு ஆயிடுவா. அடோமாவுக்குக் கையில பலமே இல்ல, தடவிக் குடுக்கறா."

பொக்குவா போனாள். வலது கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தண்ணீரைப் பார்த்து, இடது கையாலேயே தேய்த்தாள். மூன்றாம் நாள் கன்னம் மறுபடி சிவந்தது. நாலாம் நாள் கழுத்து மடிப்பு வெடித்து நீர் கசிந்தது.

மான்சா முற்றத்தின் நடுவில் நின்று தலையில் கை வைத்தாள். "அங்கேயிருந்தே அனுப்பறாளே! ரெண்டு நாள் பஸ் தூரத்துல இருந்தாலும் அனுப்புவா போலிருக்கே!" டெச்சிமான் அப்படியொன்றும் இரண்டு நாள் தூரமில்லை, ஒரு காலைப் பொழுதில் போய்விடலாம். ஆனால் வயிறு எரிகிறவளிடம் தூரக் கணக்கு யார் பேசுவார்கள்? அன்றே டெச்சிமானில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். வெள்ளிக்கிழமை செர்வாவை ஜெபக் கூடாரத்துக்குக் கொண்டுபோவதென்று முடிவாயிற்று. காட்டோரத்தில் இருக்கிற இடம் அது. செய்ததை வாயால் ஒப்புக்கொள்ளும்வரை அங்கே சோறு கிடையாது. சிலரை மரத்தோடு சேர்த்துக் கட்டியும் வைப்பார்கள்.

அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை காலை பொக்குவா கட்டை அவிழ்த்துவிட்டு வந்திருந்தாள். வலது கையில் புதுத் தோல் படர்ந்திருந்தது, பிறந்த குழந்தையின் தோல் மாதிரியே மெல்லிசாக. பழக்கதோஷத்தில் அந்தக் கையைத்தான் தண்ணீரில் விட்டாள்.

"ஆ!" என்று கத்திக் கையை வெளியே இழுத்தாள். தண்ணீர் முற்றமெல்லாம் தெறித்தது.

"என்ன ஆச்சு?" என்று மான்சா சமையல் பக்கத்திலிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. புண்ணுல பட்டுடுச்சு."

அவள் இடது கையை விட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக, இதமாக இருந்தது. ஏழு வரை எண்ணினாள். இருபதுவரைகூட எண்ணலாம். மறுபடி வலது கையின் ஒரு விரலை மட்டும் நுனியில் வைத்தாள். சுட்டது. கண்ணில் நீர் முட்டும் அளவுக்குச் சுட்டது. ஒரே சட்டி, ஒரே தண்ணீர்.

குழந்தை அவள் கால்மேல் கிடந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. பொக்குவா சபோவை எடுத்தாள். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அதைத் தன்மேலேயே, அந்தப் புதுத் தோலில், ஒரே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தாள். இழுத்த இடத்தில் ரத்தம் பொட்டுப் பொட்டாக வந்தது. எலுமிச்சையைச் சோதிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அன்று அவள் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. துணியை நனைத்துத் துடைத்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். எத்தனை குழந்தைகள்! பெரும்பாலும் நல்ல தோல், கத்திவிட்டுத் தூங்கிப்போன பிள்ளைகள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எல்லாத் தோலும் ஒன்றில்லையே. தோல் சிவந்த பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தாள். யார் தூக்கினது? ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருத்தியைத் திரும்பிப் பார்த்திருந்தார்கள். அந்தப் பெண்களின் முகம் ஒன்றுகூட அவளுக்கு நினைவு வரவில்லை. அவள் பார்த்ததே இல்லை. 

ஒரு சுலபமான வழி இருந்தது, அது அவளுக்கும் தோன்றாமல் இல்லை. வாயைத் திறக்காமல் தண்ணீரை ஆற்றி ஊற்றலாம். சபோவைத் தொலைத்துவிடலாம். பத்து நாளில் குழந்தை தேறிவிடும். ஆனால் அதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும். செர்வா பட்டினியில் எதையாவது ஒப்புக்கொள்வாள், குழந்தை தேறும், கூடாரம்தான் தீர்த்தது என்று ஊர் சொல்லும். செர்வா செத்தாலும் அந்தப் பெயர் போகாது. அப்படி நடந்தால் பொக்குவாவின் கை மட்டும் சுத்தமாக இருக்கும்.

வியாழக்கிழமை விடிந்ததும் மான்சாவின் முற்றத்துக்குப் போனாள். வழக்கம்போல் தண்ணீர் காய்ச்சினாள். சட்டியில் ஊற்றி, தன் இடது கையால் பார்த்து, எப்போதும் ஊற்றுகிற பதத்தில் வைத்தாள்.

"மான்சா, இங்க வா. கையை விடாத, உன் கையும் என் கை மாதிரிதான், செத்த தோல். முழங்கையை விடு."

"எதுக்குடி?"

"விடேன்."

மான்சா குனிந்து முழங்கையை முக்கினாள். "ஏய்! இது என்ன, கோழி உரிக்கப் போறியா?"

"இதுலதான் உன் பேத்தியைக் குளிப்பாட்டறேன். தினமும்."

மான்சா நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் கை வெந்து கிடந்தேன், அவ தேறினா. நான் திரும்பி வந்தேன், அவளுக்குத் திரும்பி வந்துச்சு. செர்வா போனதும் நான் நின்னதும் ஒரே நாள். நீ அவளைக் கணக்குல வெச்சே, என்னை வைக்கல. இது என் கை. என் தண்ணி, என் சபோ, என் எலுமிச்சை. செர்வா இல்ல."

 பேசியது அடோமா. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அறை வாசலில் நின்றவள், அடக்கிவைத்ததெல்லாம் உடைந்து அழத் தொடங்கினாள்.

"கன்னத்துல சீழ் வெச்ச அன்னைக்கே கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேம்மா, நர்ஸ் அப்பவே சொன்னாங்க. சுடுதண்ணி கூடாது, தேய்க்கவே கூடாது, வாசனை சோப்பு, கற்பூரம் எதுவும் வேண்டாம்னாங்க. கொஞ்ச நேரம் மட்டும் வெதுவெதுன்னு ஊத்தி, ஒத்தி எடுத்து, ஈரம் காயறதுக்குள்ள வெறும் ஷியா வெண்ணெயைத் தடவுன்னாங்க. நகத்தை வெட்டி, பருத்தித் துணி போடச் சொன்னாங்க. சீழ் வெச்ச இடத்துக்குக் களிம்பு குடுத்தாங்க. நீங்க ஊர்ல இல்லாதப்ப அதைத்தான் செஞ்சேன்."

"ஏண்டி சொல்லல?" மான்சாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? அந்த நர்ஸ் சின்னப் பொண்ணு, அவ எத்தனை புள்ளையைக் குளிப்பாட்டியிருக்கான்னு கேட்டிருப்பீங்க. மாமே கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க." அவள் மூக்கைத் துடைத்தாள். "அப்புறம் அக்கா போனதுக்கப்புறம்… எனக்கே தெரியலம்மா, எதனால ஆறிச்சுன்னு. அக்கா போனதாலயும் இருக்குமோன்னு…"

பொக்குவா அவளைத் திட்டவில்லை. திட்டும் உரிமை அங்கே இருந்த மூன்று பேரில் ஒருவருக்கும் இல்லை.

மான்சா முற்றத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் கேட்டாள்: "பெட்டியைத் தூக்கி என் தலையில வெச்சு நானே கொண்டுபோய் விட்டேனே. இப்ப எந்த முகத்தோட போய்க் கூப்பிடுவேன்? கூடாரத்து ஊழியர் ஜெபத்துல தீர்ந்துடுச்சு, வான்னு சொல்லிடலாமே பொக்குவா. உன் பேரும் கெடாது."

"தீர்ந்துடுச்சுன்னா, இருந்துச்சுன்னு ஆயிடும்," என்றாள் பொக்குவா. "நான் போறேன். நீ தம்பிக்குப் போன் பண்ணி நாளைக்கு எங்கேயும் கொண்டுபோக வேண்டாம்னு சொல்லு. அதை மட்டும் இப்பவே செய்."

போன் பேசி முடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு லாரி நிலையத்துக்கு நடந்தாள்.

டெச்சிமானில் தாய்மாமன் வீட்டுக் கொல்லையில் செர்வா நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். பொக்குவாவைக் கண்டதும் எழுந்து, உட்கார முக்காலியை நகர்த்தி வைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வந்தவரிடம் முதலில் தண்ணீர்தானே கொடுக்கவேண்டும். பொக்குவா அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். கையைக் காட்டினாள். கேள்வி கேட்ட அன்று வாயைத் திறக்காமல் இருந்ததையும் சொன்னாள். செர்வா கடலை உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"நேத்தே மாமாகிட்ட ஒத்துக்கிட்டேனே," என்றாள்.

"என்னத்தை ஒத்துக்கிட்ட?"

"நாந்தான் செஞ்சேன்னு."

"ஏண்டி அம்மா? நீ ஒண்ணும் செய்யலையே!"

"எனக்கு எப்படித் தெரியும் மாமே? முதல்ல நான் இல்லன்னுதான் சொன்னேன். அழுதேன், சண்டை போட்டேன். அப்புறம் குழந்தை தேறிடுச்சுன்னு அம்மா ஊருக்குப் போய் போன் பண்ணினாங்க. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? இந்த வீட்டுல எல்லாருக்கும் கடலை வறுத்துக் குடுத்தேன். ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சுது. நான் வந்ததும் அவ தேறிட்டா. அப்ப நாந்தானே?" அவள் உரித்த கடலையைத் தட்டில் போட்டாள். "எனக்குத் தெரியாமலேயே எனக்குள்ள அப்படி ஒண்ணு இருக்குன்னு நினைச்சேன். என் மூணு புள்ளையையும் அதுதான் தின்னுச்சுன்னு நினைச்சேன்."

பொக்குவாவால் அழாமல் இருக்க முடியவில்லை. தன்னைவிட பதினாறு வயது சின்னவளின் முன்னால், முக்காலியை விட்டு மண்ணில் இறங்கி, கையைக் கூப்பிக்கொண்டு அழுதாள். ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்ததாகத்தான் அவள் நினைத்து வந்திருந்தாள். அவளை அவளுக்கே பயமாக்கி வைத்திருந்தது இங்கே வந்துதான் தெரிந்தது.

"எழுந்திரிங்க மாமே. யாராவது பார்த்தா என்னைத்தான் கேப்பாங்க," என்றாள் செர்வா.

"என்கூட வா. இன்னைக்கே."

"வந்து? அவளைத் தொட்டு, மறுபடி அவளுக்கு வந்துடுச்சுன்னா?"

 கரப்பான் போய்ப் போய் வருகிற வியாதி என்று அவளுக்கே அரைகுறையாகத் தெரியும். வராது என்று சத்தியம் செய்ய முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "வந்தா, நான் உன் பக்கத்துல நிப்பேன். உன்னைத் தாண்டி யாரையும் பேச விடமாட்டேன்."

செர்வா அன்று வரவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்தாள். லாரி நிலையத்தில் மான்சா காத்திருந்து, பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.  வீட்டுக்குள் நுழைந்ததும் அடோமா குழந்தையை நீட்டினாள். செர்வா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் கை முன்னால் வருவதற்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது. முதலில் ஷியா வெண்ணெய் தடவுவதை மட்டும் ஏற்றுக்கொண்டாள். ஈரம் காய்வதற்குள் தடவவேண்டும் என்பதால் தயங்கி நிற்க நேரம் கிடைக்கவில்லை. அதுவே நல்லதாயிற்று.

பொக்குவா குழாயடியிலேயே நின்று எல்லாரிடமும் சொன்னாள், தன் வாயால், யாரும் கேட்காமலே. அப்போது அவள் குளிப்பாட்டிவந்த ஆறு வீடுகளில் நாலு வீடு அவளை நிறுத்திவிட்டது. மற்ற இரண்டு வீட்டில் அவள் தண்ணீரை முழங்கையால் பார்த்து, வெறும் கையால் வழித்துவிட்டு, ஒத்தி எடுத்தாள். "மாமே இப்பல்லாம் குளிப்பாட்டறதில்ல, நனைச்சுக் குடுக்கறா," என்று பெண்கள் கேலி பேசினார்கள். இருபது வருஷம் கழித்து மாம்போங் லாரிகளில் மூச்சு விட முடியாது என்றார்கள். அவளும் கூடச் சிரித்தாள். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வராது.

அடுத்த வருஷம் தூசிக் காற்று இறங்கியது. அபெனா நடக்கத் தொடங்கியிருந்தாள். ஆனாலும் தூக்கம் வந்தால் பெரியம்மாவின் முதுகுதான். ஒரு காலை, செர்வாவின் முதுகில் கிடந்தவளின் முழங்கை மடிப்பும் முழங்கால் மடிப்பும் சிவந்து, சொறிந்து, ரத்தம் காய்ந்திருந்தது. யாரும் சுடுதண்ணீர் ஊற்றவில்லை. யாரும் தேய்க்கவில்லை. காற்று வறண்டால் இது வரும், வளர வளரக் குறையும் என்று நர்ஸ் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் அதே முற்றத்தில் குடியிருந்த பக்கத்து அறைக்காரி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "செர்வா வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

மான்சா செர்வாவைத் திரும்பிப் பார்த்தாள். மறுக்கவில்லை. அடோமா ஒரு அடி முன்னால் வந்து நின்றாள், குழந்தையை வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல். செர்வாவின் முகம் சாம்பலாகிவிட்டது. ஒருவரும் சொல்லாமலே அவள் விரல்கள் மார்பின்மேல் இருந்த துணி முடிச்சை அவிழ்க்கப் போயின.

பிரிந்துபோன தையலுக்கு நூல் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போன பொக்குவா வாசலில் நின்று இதைப் பார்த்தாள். உள்ளே வந்து செர்வாவின் பக்கத்தில் நின்றாள். நர்ஸ் சொன்னதை எடுத்துச் சொல்லலாம். அந்த நிமிஷத்தில் அந்த முற்றத்தில் அது எடுபடாது என்று அவளுக்குத் தெரியும்.

"என்ன எல்லாரும் அவளைப் பாக்கறீங்க?" என்று அடுத்த வீடுவரை கேட்கும்படி சொன்னாள். "நேத்து நான் வந்து குளிப்பாட்டினேன். கை பழைய கைதானே, சூடு கூடிப்போச்சு. பழைய சபோவும் கையில இருந்துச்சு, புத்தி கெட்டு இழுத்துட்டேன். என் கைதான்."

பக்கத்து அறைக்காரி வாயைப் பிளந்தாள். "இன்னுமா உனக்குப் புத்தி வரல மாமே?"

"வரல," என்றாள் பொக்குவா. "போய்ச் சொல்லு, குழாயடியில."

ஒரு வருஷமாக அவள் அந்தக் குழந்தைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதில்லை. அது மான்சாவுக்குத் தெரியும், அடோமாவுக்குத் தெரியும். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். செர்வாவுக்கும் தெரியும். அவள் பொக்குவாவின் முகத்தையே பார்த்தாள். பாதி அவிழ்த்த முடிச்சைக் கைகளால் திரும்பப் பற்றி, குழந்தையை முதுகில் ஒருமுறை குலுக்கி மேலே ஏற்றிக்கொண்டு, இறுக்கிக் கட்டினாள்.